சேற்றில் நிற்கும், பனியில் சறுக்கும்

சேறடிக்கும் வயலில் பாதிச் சக்கரம் புதைந்தும் திணறாமல் போகும் டிராக்டர், நான்கு விரல் கனம்கூட இல்லாத இறுகிய வெண்பனியின் மேல் நிலைகொள்ளாமல் சறுக்குகிறது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வடபகுதியில் குளிர்காலந்தோறும் இது நடக்கிறது. ஒன்டாரியோ ஏரியைக் கடந்து வரும் கடுங்குளிர்க் காற்று, உறையாத ஏரிநீரிடம் ஈரத்தை வாங்கிக்கொண்டு, கரையேறியதும் அதை வெண்பனியாகக் கொட்டிவிடும். சிரக்கியூஸ் நகரில் ஆண்டுக்குச் சராசரியாக மூன்று மீட்டர் விழுகிறது. வடக்கே டக் ஹில் மேட்டுநிலத்தில் ஐந்து மீட்டரைத் தாண்டும் இடங்களும் உண்டு. பொதுச் சாலைகளை அரசு வண்டிகள் பார்த்துக்கொள்ளும். சாலையிலிருந்து வீட்டுக்கும் கொட்டகைக்கும் போகும் தனிப்பாதையைச் சொந்தக்காரர்தான் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். கோடையில் புல் வெட்டிய, எரு அள்ளிய அதே சிறு டிராக்டருக்கு முன்னால் வாளியோ பின்னால் தகடோ மாட்டி இந்த வேலையைச் செய்கிறார்கள். ஒன்றரை டன் எடை, நான்கு சக்கர இயக்கம், பின்சக்கரம் நிறையத் தடித்த ரப்பர் கட்டைகள். இத்தனை இருந்தும், பாதை கொஞ்சம் சரிந்துவிட்டால் பிரேக்கை மிதிக்க மிதிக்க வண்டி கீழே போய்க்கொண்டே இருக்கும். அப்போதுதான் சக்கரத்துக்குச் சங்கிலி வாங்கலாமா என்ற யோசனை பிறக்கிறது. எடையாலும் எந்திர வலுவாலும் முடியாத எதைச் செய்கிறது அந்தச் சங்கிலி?

விடைக்கு முதலில் உராய்வின் கணக்கு வேண்டும். தரையை ஒரு சக்கரம் எவ்வளவு பலமாகப் பற்றும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, சக்கரம் தரையை அழுத்தும் எடை. மற்றொன்று, தொடும் இரு பொருள்களுக்கும் இடையே உள்ள ஒட்டுறவு. இதை ஒரு எண்ணால் குறிப்பார்கள், பாடநூல்களில் அதற்கு உராய்வுக் கெழு என்று பெயர். எடையில் எத்தனை பங்கு பிடியாக மாறுகிறது என்பதைச் சொல்லும் எண் அது. காய்ந்த தார்ச்சாலையில் ரப்பருக்கு இது ஏறத்தாழ 0.7 முதல் 0.9 வரை இருக்கும். மிதித்து இறுகிய வெண்பனியில் 0.2, 0.3 என்று இறங்கும். வழுவழுப்பான பனிக்கட்டியில் 0.1, மேலே ஈரம் கசிந்திருந்தால் அதற்கும் கீழே. அதாவது ஒன்றரை டன் டிராக்டர் தார்ச்சாலையில் ஒரு டன்னுக்கு மேல் இழுக்கும். பனிக்கட்டியில் அதே வண்டிக்குக் கிடைப்பது நூற்றைம்பது கிலோ அளவுக்கான இழுவை. எந்திரம் இருபத்தைந்து குதிரைத் திறனா, ஐம்பதா என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. தரை கொடுக்காத பிடியை எந்திரம் கொடுக்க முடியாது. கூடுதல் திறன் சக்கரத்தை வீணாகச் சுழற்றத்தான் உதவும்.

பெரும்பாலோர் முதலில் நாடுவது எடையை. வழுக்கும் சேற்று வரப்பில் நடப்பவரை நினைத்துப் பாருங்கள். தலையில் நெல்மூட்டை இருப்பதால் அவர் கால் வழுக்காமல் போவதில்லை. கால்விரல்களை மண்ணில் ஊன்றும்போதுதான் நிற்கிறார். மூட்டை அவர் பாதத்தை அழுத்துகிறது, உண்மைதான். அதே மூட்டை அவரைச் சரிவில் இழுக்கவும் செய்கிறது. இரண்டும் ஒரே விகிதத்தில் கூடுவதால் ஒன்றையொன்று கழித்துவிடுகின்றன. சரிவில் நிற்கும் டிராக்டருக்கும் இதே கதிதான். உராய்வுக் கெழு 0.1 என்றால், நூறு மீட்டர் நீளத்துக்குப் பத்து மீட்டர் ஏறும் பாதைதான் அதன் எல்லை. அதைவிடச் செங்குத்தான இடத்தில் நான்கு சக்கரங்களையும் பூட்டி நிறுத்தினாலும் வண்டி வழுக்கும். வண்டியின் எடை ஒரு டன்னா, ஐந்து டன்னா என்பதால் இந்த எல்லை மாறுவதில்லை. சமதளத்தில் பிரேக் போட்டு நிற்க ஆகும் தூரத்துக்கும் இது பொருந்தும்: எடை கூடினால் பிடி கூடும், ஆனால் நிறுத்தவேண்டிய ஓட்டமும் அதே அளவு கூடும்.

அப்படியானால் குளிர்நாட்டு விவசாயிகள் காலங்காலமாகச் சக்கரத்துக்குள் திரவம் நிரப்பி எடை ஏற்றுவது மடமையா என்று கேட்கலாம். இல்லை, அது வேறொரு வேலைக்கான வழி. சமதளத்தில் வெண்பனிக் குவியலைத் தள்ளும்போது எதிர்த்து நிற்பது குவியல். டிராக்டரின் எடை கூடுவதால் குவியலின் எதிர்ப்பு கூடிவிடாது. ஆகவே அங்கே முந்நூறு கிலோ ஏற்றினால் தள்ளும் வலு ஐந்தில் ஒரு பங்கு உயரும். (வெறும் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் கால்சியம் குளோரைடு கரைசலை நிரப்புவது பழைய வழக்கம். அது சக்கர இரும்பை அரிப்பதால், சர்க்கரைக் கிழங்கு ஆலையின் கழிவுச்சாற்றிலிருந்து எடுக்கும் திரவத்தைப் பலர் இப்போது நாடுகிறார்கள்.) எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். சிறு டிராக்டர்களில் பெரும்பாலும் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு. முன்வாளி நிறைய ஈரப்பனியை அள்ளித் தூக்கினால் பின்சக்கரங்கள் தரையை அழுத்துவது குறைந்து, பிரேக் உள்ள இடத்தில் எடை இல்லை, எடை உள்ள இடத்தில் பிரேக் இல்லை என்றாகிவிடும். பின்னால் எடைப்பெட்டி மாட்டுவது இதைச் சரிசெய்யும். ஆனால் இவையெல்லாம் இருக்கிற பிடியைப் பங்கிடும் ஏற்பாடுகள். சரிவின் எல்லை நூற்றுக்குப் பத்து என்றால், எடையை எத்தனை சாமர்த்தியமாக வைத்தாலும் அதைப் பதினைந்தாக்க முடியாது.

நான்கு சக்கர இயக்கமும் அதே வகைதான். இரண்டு சக்கரம் இழுப்பதற்குப் பதில் நான்கும் இழுக்கும்போது வண்டியின் முழு எடையும் பயன்படுகிறது. இறக்கத்தில் இன்னொரு நன்மையும் உண்டு: முன்னச்சும் பின்னச்சும் தண்டால் இணைந்துவிடுவதால் பின் பிரேக்கின் பிடிப்பு முன்சக்கரங்களையும் எட்டுகிறது. பனிச்சரிவில் இறங்கும்முன் இதை இணைத்தே ஆகவேண்டும் என்று டிராக்டர்க்காரர்கள் வலியுறுத்துவது இதனால்தான். ஆனாலும் நான்கு சக்கரமும் சேர்ந்து 0.1 என்ற எண்ணை 0.11 ஆக்குவதில்லை. அந்த எண்ணையே மாற்ற வேண்டுமென்றால் பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதற்குப் பள்ளிக்கூடத்தில் பலரும் கேட்ட விடை, அழுத்தத்தால் பனி உருகுகிறது என்பது. அழுத்தினால் பனிக்கட்டியின் உருகுநிலை குறையும் என்று 1849-இல் ஜேம்ஸ் தாம்சன் கணக்கிட்டார். அடுத்த ஆண்டே அவர் தம்பி வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபுவானவர், சோதித்து உறுதிசெய்தார். பனிச்சறுக்குக் காலணி வழுக்குவதற்கு இதுவே காரணம் என்று 1886-இல் ஜான் ஜோலி விளக்கினார். விளக்கம் அழகானது, கணக்கில்தான் இடிக்கிறது. உருகுநிலையை ஒரே ஒரு டிகிரி இறக்க, காற்றுமண்டல அழுத்தத்தைப்போல 130 மடங்குக்கு மேல் வேண்டும். டிராக்டர் டயர் தரையை அழுத்துவது ஏறத்தாழ அதற்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தோடு, அதாவது காற்றுமண்டல அழுத்தத்தின் ஒன்றிரண்டு மடங்கோடு. ரப்பர் கட்டைகளின் நுனி மட்டுமே தொடுகிறது என்று கொண்டு அதைச் சில மடங்கு உயர்த்தினாலும், உருகுநிலை ஒரு டிகிரியில் நூற்றில் சில பங்குதான் இறங்கும். பூச்சியத்துக்குக் கீழே பத்து டிகிரியில் கிடக்கும் பனிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்தக் குளிரிலும் டிராக்டர் சறுக்கத்தான் செய்கிறது.

உண்மையான விடையின் ஒரு பாதியை மைக்கேல் ஃபாரடே 1850-ஐ ஒட்டியே கண்டிருந்தார். இரண்டு பனிக்கட்டிகளை லேசாகத் தொடவைத்தாலே ஒன்றோடொன்று ஒட்டி உறைந்துவிடுவதைக் காட்டி, பனிக்கட்டியின் மேற்பரப்பில் எப்போதும் நீர்போன்ற மெல்லிய படலம் இருக்கிறது என்றார். நெடுங்காலம் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே இருக்கும் மூலக்கூறுகளைப்போல எல்லாப் பக்கமும் பிணைப்பு இல்லாததால் மேற்பரப்பின் மூலக்கூறுகள் தளர்ந்து உருளுகின்றன என்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கருவிகளால் உறுதியாயிற்று. மறுபாதியை 1939-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பவுடனும் ஹியூஸும் காட்டினர். சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக் மலை ஆய்வுநிலையத்தில் பனியின் மேல் பொருள்களை இழுத்து அளந்து, உராய்வால் பிறக்கும் சூடே பனியை உருக்கி வழுக்கவைக்கிறது என்று முடிவுகட்டினர். வெப்பத்தைக் கடத்திச் செல்லும் பொருள்களுக்கு வழுக்கல் குறைந்தது என்பது அவர்களுக்குக் கிடைத்த நல்ல சான்று. டிராக்டருக்கு இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. பிடி கிடைக்காமல் ஓரிடத்தில் சுழலும் சக்கரம் தன் அடியில் தானே சூட்டை உண்டாக்கிப் பனியை உருக்கி மெருகிடுகிறது. வண்டி நகர்ந்தபின் அந்த இடம் கண்ணாடியாக உறைந்து, அடுத்த முறைக்குக் காத்திருக்கும்.

சங்கிலியைப் புரிந்துகொள்ள எனக்கு மிகவும் உதவுவதாகத் தோன்றுவது 2018-இல் ஆம்ஸ்டர்டாமிலும் ஜெர்மனியின் மைன்ஸிலும் இருந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் அளவீடு. எஃகு உருண்டையைப் பனிக்கட்டிமேல் வெவ்வேறு வெப்பநிலைகளில் இழுத்துப் பார்த்தார்கள். கடுங்குளிரில் உராய்வு அதிகம். சூடு ஏற ஏறக் குறைந்துகொண்டே வந்து, பூச்சியத்துக்குக் கீழே ஏழு டிகிரி அளவில் மிகக் குறைவாயிற்று. அதற்கும் மேலே சூடேறியபோது வழுக்கல் இன்னும் கூடவில்லை. உராய்வு திரும்ப உயர்ந்தது. காரணம், பனி மென்மையாகி, எஃகு அதற்குள் அமிழ்ந்து உழத் தொடங்கிவிட்டது. சறுக்கி விளையாடுபவருக்கு இது தொல்லை. டிராக்டருக்கு வேண்டியதே இதுதான். வழுக்கல் முழுவதும் மேற்பரப்பின் குணம். மேற்பரப்பைத் துளைத்து உள்ளே இறங்கிவிட்டால் எதிர்ப்பது வேறொன்று. ஒரு பொருளின் மேலடுக்கைப் பக்கவாட்டில் தள்ளி அறுத்தெடுக்க எவ்வளவு விசை வேண்டுமோ அதை அதன் அறுபடு வலு என்று சொல்லலாம். சங்கிலி பூட்டிய சக்கரம் நகர வேண்டுமானால், கண்ணிகளுக்கு முன்னால் நிற்கும் பனியை அறுத்துப் பெயர்த்தாக வேண்டும். சக்கரத்தின் மேலுள்ள சில நூறு கிலோ எடையும் அகன்ற ரப்பர்ப் பரப்பில் சிதறாமல் சில கண்ணிகளின் விளிம்பில் குவிவதால்தான் இரும்பு இறங்குகிறது. எடைக்கு இங்கேதான் உண்மையான மதிப்பு கிடைக்கிறது.

தடித்த ரப்பர் கட்டைகள் ஏன் இதைச் செய்வதில்லை? செய்வதற்காகவே வார்க்கப்பட்டவைதான், மண்ணில். இளகிய மண்ணில் கட்டை புதைந்து, அடுத்த கட்டையோடு சேர்ந்து ஒரு மண்பாளத்தைப் பற்றித் தள்ளும். பனிப்பாதை அப்படி இளகுவதில்லை. வெண்பனித் துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் தானாகவே இணைந்து உறைகின்றன. கலைத்து அழுத்திவிட்டால் இந்த இணைப்பு இன்னும் வேகமெடுக்கும். தகடு ஒதுக்கித் தள்ளிய குவியல் சில மணி நேரத்தில் மண்வெட்டி இறங்காதபடி இறுகுவது இதனால்தான். தகடு விட்டுச்சென்ற மெல்லிய அடுக்கைச் சக்கரங்கள் திரும்பத் திரும்ப மிதித்துப் பனிக்கட்டியாக்குகின்றன. அதில் ரப்பர் கட்டை புதையாது. நுனி மட்டும் தொட்டு நிற்கும். எளிதில் தேயாமல் இருக்கவென்று கடினமாக வார்த்த அந்த ரப்பர் குளிரில் மேலும் விறைத்துப்போகும். புல்வெளிக்கென்று செய்த, சிறு சிறு கட்டங்கள் நெருங்கிய டயர்கள் இந்த வேலையில் உழவு டயர்களைவிடப் பல நேரம் மேலாக இருப்பது விந்தையாகத் தோன்றும். தொடும் பரப்பும் விளிம்புகளும் அவற்றில் அதிகம்.

சங்கிலியைக் கண்டுபிடித்தவரின் ஊர் இதே பனிப்பகுதியில், சிரக்கியூஸுக்குக் கிழக்கே உள்ள கனஸ்டோட்டா. சேற்றிலும் பனியிலும் மாட்டிக்கொண்ட கார்க்காரர்கள் சக்கரத்தில் கயிற்றையும் கொடிகளையும் சுற்றிக்கொள்வதைக் கவனித்த ஹாரி வீட், இருபக்கச் சங்கிலிகளுக்கிடையே குறுக்குச் சங்கிலிகளைக் கோத்து 1904-இல் காப்புரிமை பெற்றார். (அவர் பெயரிலான நிறுவனம் தன் சங்கிலிகளால் பிணைத்த கட்டிலிருந்து தப்பமுடியுமா என்று மாயவித்தைக்காரர் ஹூடினிக்கு 1908-இல் சவால்விட்டது தனிக்கதை, அவர் தப்பினார்.) சங்கிலியின் பலனை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு மன்றம் விஸ்கான்சின் மாநிலத்தில் பல ஆண்டுகள் நடத்திய குளிர்காலச் சோதனைகளில், வெறும் பனிக்கட்டியில் மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் வந்த கார் சாதாரண டயரில் நிற்க ஏறத்தாழ 45 மீட்டர் பிடித்தது. வலுவூட்டிய சங்கிலியோடு அதில் பாதி. தூரம் பாதியானால் உராய்வுக் கெழு இரட்டித்ததாகப் பொருள், 0.09 என்பது 0.18 ஆனதாக. டிராக்டருக்கு அதே எண் அச்சாகப் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் திசை ஐயமற்றது: இந்தக் கணக்கில் சரிவின் எல்லை நூற்றுக்கு ஒன்பதிலிருந்து பதினெட்டாக உயரும். எந்த எடைப்பெட்டியாலும் ஆகாத காரியம் இது.

சங்கிலி என்றால் எல்லாம் ஒன்றல்ல. வீட் செய்ததுபோன்ற ஏணி வடிவம்தான் மலிவு. உழவு டயரில் அதை மாட்டினால் குறுக்குச் சங்கிலி பல இடங்களில் ரப்பர் கட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் விழுந்து, தரையைத் தொடாமல் சும்மா சுற்றிவரும். இன்னொரு குறையும் உண்டு. குறுக்கே கிடக்கும் சங்கிலி முன்பின் நகர்வைத்தான் தடுக்கும்; பக்கவாட்டில் வண்டி வழுக்கும்போது அதன் நீளவாட்டிலேயே வழுக்குவதால் பிடி குறைவு. ஒரு பக்கம் தாழ்ந்த பாதையில் இது ஆபத்து. சாய்சதுர வலையாகப் பின்னிய சங்கிலி இரண்டு திசையிலும் எதிர்க்கும், பள்ளத்திலும் விழாது. விலை கூடுதல்தான், உழவு டயர் வைத்திருப்பவர் அதைக் கொடுப்பதே சிக்கனம். கண்ணிமேல் கூரான இரும்புத் துண்டு பற்றவைத்த வகை, முழுப் பனிக்கட்டியில் வேலைசெய்வோருக்கு.

எதிர்வாதங்களில் கனமானது தரை பாழாகும் என்பது. அதை மறுக்க முடியாது. நம் ஊரில் கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய டிராக்டர் தார்ச்சாலையில் ஏறினால் ஏன் சண்டை வருகிறதோ அதே காரணம்தான்: பிடிப்பதற்காகக் கடிக்கும் இரும்பு எதையும் கடிக்கும். சிமெண்டுத் தளத்திலோ கடியும் இல்லை; இரும்பு இறங்க முடியாத கெட்டித் தரையில் சங்கிலி ரப்பரைவிட மோசமாக வழுக்கும், கண்ணிகளும் தேயும். உப்பு தூவினால் போதாதா என்றால், குட்டையான பாதைக்குப் போதும். கடுங்குளிரில் சாதாரண உப்பு வேலைசெய்யாது. குளிர்கால டயரும் ஒரு மாற்று வழி: ஃபின்லாந்தின் நோக்கியன் நிறுவனம் 1934-இலேயே அதைச் செய்யத் தொடங்கியது, இன்று டிராக்டருக்கும் அத்தகைய டயர் தருகிறது. தார்ச்சாலையில் நாள்முழுதும் பனி ஒதுக்கும் தொழில்காரருக்கு அதுவே சரி. ஆண்டில் சில வாரம் மட்டும் பனியில் ஓடும் பண்ணை டிராக்டருக்குக் கழற்றி வைக்கக்கூடிய சங்கிலிதான் பொருத்தம். சங்கிலி இருக்கிற தைரியத்தில் வேகமாக ஓட்டுவார்கள் என்ற கவலையும் நியாயமானது. இரட்டித்த பிடிகூடக் காய்ந்த சாலையின் பிடியில் கால்வாசிதான்.

ஒரு சோடிதான் வாங்க முடியும் என்றால் அது பின்சக்கரத்துக்கே. பிரேக் அங்கேதான் இருக்கிறது. முன்சக்கரத்துக்கு மட்டும் பூட்டினால், இறக்கத்தில் முன்பக்கம் பிடித்து நிற்க, பிடியற்ற பின்பக்கம் வழுக்கிச் சுற்றிக்கொண்டு வரும். பின்னால் மட்டும் பூட்டினால் திருப்பம் மந்தமாகும் என்பது மெய். ஆனால் பல டிராக்டர்களில் இடது, வலது பிரேக்குகள் தனித்தனி என்பதால், சங்கிலி பூட்டிய ஒரு பின்சக்கரத்தைப் பிடித்தே மெதுவாகத் திருப்பிவிடலாம். சமதளமான சிறு முற்றம் மட்டும் உள்ளவருக்கு இந்தச் செலவு வேண்டாம், கொஞ்சம் எடையும் பொறுமையும் போதும். பாதை சரிந்திருந்தால் முதல் பனி விழும்முன், தரை காய்ந்திருக்கும்போதே பூட்டிவிடுங்கள். பூட்டியபின் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்து மறுபடியும் இறுக்குங்கள். தொய்ந்த சங்கிலி சுழலும்போது வீசியடித்து மட்கார்டைக் கிழித்துவிடும்.